இயற்கைத் தேர்வின் கதை – 14: அந்துப்பூச்சிக்குக் கணக்கு எழுதியவர்

சென்ற இதழில் ரொனால்ட் ஃபிஷரை ரோத்தம்ஸ்டெட் பண்ணையில், உர மூட்டைகளுக்கும் கோதுமை விளைச்சல் ஏடுகளுக்கும் நடுவே விட்டுவிட்டு வந்தோம். மெண்டலின் பட்டாணிக் கணக்கும் டார்வினின் இயற்கைத் தேர்வும் ஒன்றையொன்று அடித்து வீழ்த்த வேண்டியவை அல்ல என்று 1918-இல் அவர் காட்டிவிட்டார். ஆனால் அந்தக் கட்டுரையை முழுக்கப் படித்துப் புரிந்துகொண்டவர்கள் அன்று மிகச் சிலரே. விலங்கியல் படித்தவர்களுக்குக் கணக்கு எட்டிக்காய். கணக்கு வந்தவர்களுக்குப் பூச்சியைப் பற்றி அக்கறையில்லை. இன்னொரு பெரிய கேள்வியும் பதிலில்லாமல் கிடந்தது. இயற்கைத் தேர்வு நடக்கிறது, சரி. எவ்வளவு வேகத்தில் நடக்கிறது?

1924-இல் கேம்பிரிட்ஜ் தத்துவக் கழகத்தின் இதழில் இதற்கு ஒரு பதில் வெளிவந்தது. எழுதியவர் ஜே. பி. எஸ். ஹால்டேன், வயது 31. அப்போது அவர் கேம்பிரிட்ஜில் உயிர்வேதியியல் கற்பித்துக்கொண்டிருந்தார். அந்த மனிதரிடம் அறிவியல் பட்டம் ஒன்றுகூட இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் முதலில் கணிதம் படித்தார். பிறகு தாவி கிரேக்க, லத்தீன் இலக்கியமும் தத்துவமும் படித்து முதல் வகுப்பில் தேறினார். அந்த ஆண்டு 1914. தேர்வு முடிவு வந்த கையோடு போரும் வந்துவிட்டது.

கட்டுரையின் கதாநாயகன் மிளகைத் தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள் கொண்ட ஒரு வெளிர்நிற அந்துப்பூச்சி. 1848-இல் மான்செஸ்டர் வட்டாரத்தில் இந்த இனத்தில் முழுக்கக் கறுத்த ஒன்று பிடிபட்டது பதிவாகியிருந்தது. ஆலைப் புகை மரப்பட்டைகளைக் கரியாக்கிக்கொண்டிருந்த காலம். நூற்றாண்டு முடிவதற்குள் அதே வட்டாரத்தில் வெளிர்நிறப் பூச்சியைத் தேடிப் பிடிக்க வேண்டிய நிலை வந்துவிட்டது. ஆண்டுக்கு ஒரு தலைமுறை, ஆகவே சுமார் 50 தலைமுறை. இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். பூச்சி சேகரிப்பவர்கள் குறிப்பேடுகளில் எழுதி வைத்திருந்தார்கள். ஹால்டேன் அதைக் கணக்காக மாற்றினார். நூற்றுக்கு ஒன்றாக இருந்த கறுப்பு, 50 தலைமுறைக்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதாக வேண்டுமானால், வெளிர்நிறப் பூச்சியைவிடக் கறுப்புப் பூச்சி எவ்வளவு அதிகமாகச் சந்ததியை விட்டுச்செல்ல வேண்டும்? விடை: ஒன்றரை மடங்கு. வெளிர் இரண்டு பிள்ளைகளை மிச்சம் வைத்தால் கறுப்பு மூன்றை மிச்சம் வைக்க வேண்டும்.

படித்தவர்கள் நம்பவில்லை. தேர்வு என்பது கண்ணுக்குத் தெரியாத அளவில், யுகக்கணக்கில் நடக்கும் விஷயம் என்றுதான் டார்வினைப் படித்தவர்களும் நினைத்திருந்தார்கள். ஒரு மனித ஆயுளுக்குள், ஒன்றரை மடங்கா? கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் அந்த எண் காகிதத்திலேயே கிடந்தது. 1953-இல் பெர்னார்ட் கெட்டில்வெல் என்பவர் பர்மிங்காம் அருகே ஒரு காட்டில் பூச்சிகளுக்கு மை அடையாளமிட்டுப் பறக்கவிட்டு, திரும்பப் பிடித்து எண்ணினார். பறவைகள் வெளிர்நிறப் பூச்சிகளையே அதிகம் கொத்தித் தின்றிருந்தன. ஹால்டேன் சொன்னது மிகையல்ல என்று தெரிந்தது. கெட்டில்வெல்லின் முறைகள் மீது பிற்காலத்தில் சர்ச்சைகள் எழுந்தன. அவை தனி அத்தியாயம், அப்போது பார்ப்போம்.

அந்தக் கட்டுரையில் எனக்கு இதைவிடப் பிடித்தது வேறொரு பகுதி. ஓங்கு பண்பு பரவும் வேகமும் ஒடுங்கு பண்பு பரவும் வேகமும் ஒன்றல்ல என்று ஹால்டேன் பிரித்துக் காட்டிய இடம். ஓர் ஒடுங்கு மரபணு நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரண்டும் சேர்ந்தால்தான் அது வெளியே தெரியும். அதற்கான வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. ஆனால் அதே பத்தாயிரம் பேரில் 198 பேர் அதைச் சத்தமில்லாமல் சுமந்துகொண்டிருப்பார்கள். தேர்வின் கத்தி விழுவது அந்த ஒருவர் மீதுதான். மறைந்திருக்கும் 198 பேரை அது தொடவே தொடாது. கெட்ட மரபணுக்கள் ஏன் முழுதாக அழிந்துபோவதில்லை என்பதும், ‘பலவீனர்களை’க் கருத்தடை செய்து இனத்தைச் சுத்தம் செய்யலாம் என்று அன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கிளம்பியிருந்த கூட்டம் எவ்வளவு தப்புக் கணக்குப் போடுகிறது என்பதும் இந்த ஒரு சிறு கூட்டல் பெருக்கலில் இருக்கின்றன. ஹால்டேன் இதை அறிஞர்களுக்கு மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. தொழிலாளிக்கும் சொன்னார், வீட்டுப் பெண்களுக்கும் சொன்னார், பத்திரிகையில் வாரந்தோறும் எழுதினார்.

இந்தத் தொடரில் இதுவரை வந்தவர்களிடமிருந்து அவர் விலகி நிற்பது இங்கேதான். மற்றவர்களுக்கு ஆராய்ச்சி ஒரு வேலை, பொதுமக்களுக்கு எழுதுவது ஓய்வுநேரக் கைங்கரியம். ஹால்டேனிடம் அந்தச் சுவர் கிடையாது. அவருடைய மிகப் பெரிய யோசனைகளில் இரண்டு முதலில் அச்சேறியது ஆய்விதழ்களில் அல்ல, சாதாரண வாசகர்களுக்கான வெளியீடுகளில்.

அதற்கு முன் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜான் ஸ்காட் ஹால்டேன், மூச்சைப் பற்றி ஆராய்ந்த உடலியலாளர். சுரங்கத்துக்குள் நச்சுவாயுவைக் கண்டுபிடிக்கக் கேனரிக் குருவிகளைக் கொண்டுபோகலாம் என்று சொன்னவர். சுரங்கம், சாக்கடை, நீர்மூழ்கிக் கப்பல் என்று எங்கெல்லாம் காற்று கெட்டிருக்கிறதோ அங்கெல்லாம் போவார், மகனையும் கூட்டிக்கொண்டு போவார். ஸ்டாஃபோர்ட்ஷயர் சுரங்கமொன்றில் நடந்ததை மகன் பிற்பாடு எழுதியிருக்கிறார். வாளி போன்ற தொட்டியில் இறங்கி, தவழ்ந்து தவழ்ந்து, நிமிர்ந்து நிற்கக்கூடிய ஓர் இடத்துக்கு வந்தார்கள். கூட வந்த ஒருவர் பாதுகாப்பு விளக்கைத் தூக்கிக் காட்ட, உள்ளே நீலச்சுடர் நிறைந்து ‘பட்’டென்று அணைந்தது. கூரையை ஒட்டி மீத்தேன். பையனை எழுந்து நின்று, ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் மார்க் ஆண்டனி பேசும் பேச்சை ஒப்பிக்கச் சொன்னார் அப்பா. சில வரிகளிலேயே மூச்சு வாங்கியது. புரூட்டஸின் பெயர் வரும் இடத்தில் கால்கள் மடங்கிப் பையன் தரையில் விழுந்தான். தரையில் காற்று நன்றாக இருந்தது. மீத்தேன் காற்றைவிட லேசானது, மேலே தங்கும், சுவாசித்ததும் ஆளைக் கொன்றுவிடாது. மூன்று பாடங்களும் ஒரே விழுதலில் முடிந்தன. இன்று இப்படி ஒரு தகப்பன் செய்தால் குழந்தைகள் நல அதிகாரி வீட்டு வாசலில் நிற்பார்.

வீட்டிலும் இதே கதைதான். தங்கை நயோமி வளர்த்த கினிப் பன்றிகள் ஆக்ஸ்ஃபோர்ட் வீட்டுப் புல்தரையை மேய்ந்துகொண்டிருந்தன. அண்ணனும் தங்கையும் அவற்றைக் கொண்டு மெண்டலைச் சோதித்தார்கள். பிறகு எலிகளுக்கு மாறினார்கள். இரண்டு பண்புகள் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குப் போகும் ‘பிணைப்பு’ பாலூட்டிகளிலும் உண்டு என்று முதன்முதலில் காட்டிய கட்டுரை 1915-இல் வந்தது. அண்ணன், தங்கை, ஏ. டி. ஸ்பிரண்ட் என்ற நண்பர் என மூன்று பெயர்கள். எழுதும்போது ஹால்டேன் பிரான்சில் பதுங்குகுழியில் இருந்தார். ஸ்பிரண்ட் போரில் இறந்துவிட்டிருந்தார். தங்கை நயோமி மிச்சிசன் பின்னாளில் பெயர்பெற்ற நாவலாசிரியை ஆனார்.

போர் ஹால்டேனுக்குப் பிடித்திருந்தது. அதை அவர் மறைத்ததுமில்லை. பிளாக் வாட்ச் படைப்பிரிவில் எறிகுண்டு அதிகாரி. ஜெர்மானியர்கள் குளோரின் வாயுவை ஏவியபோது, அப்பாவோடு சேர்ந்து வாயு நிறைந்த அறைக்குள் உட்கார்ந்து முகமூடிகளைச் சோதித்தார். இரண்டு முறை காயம். இரண்டாவது முறை மெசபொட்டேமியாவில், 1917-இல். குணமாவதற்கு அனுப்பப்பட்ட இடம் இந்தியா. ஊர் பிடித்தது, ஆட்சி பிடிக்கவில்லை. இந்தியர்களோடு சமமாகப் பழக முடிகிற காலம் வரும்வரை இங்கே திரும்புவதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டு போனார். நாற்பது ஆண்டு கழித்து அந்த முடிவைக் காப்பாற்றவும் செய்தார்.

எழுத்தாளர் ஹால்டேன் பிறந்தது 1923 பிப்ரவரியில், கேம்பிரிட்ஜ் மாணவர் சங்கம் ஒன்றில் வாசித்த உரையில். அடுத்த ஆண்டு ‘டெடலஸ்’ என்ற சிறு நூலாக வந்து விற்றுத் தீர்ந்தது. தாயின் வயிற்றுக்கு வெளியே குழந்தை வளர்ப்பது, நிலக்கரி தீர்ந்தபின் காற்றாலைகளால் ஹைட்ரஜன் தயாரித்துச் சேமிப்பது என்று அன்றைக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்ட விஷயங்கள் அதில் இருந்தன. பெர்ட்ரண்ட் ரசல் அதே ஆண்டில் ‘இகாரஸ்’ என்று மறுப்பு நூல் எழுதினார். ஆல்டஸ் ஹக்ஸ்லியின் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ நாவலில் வரும் குழந்தைத் தொழிற்சாலைக்கும் விதை இங்கிருந்துதான். ‘டெடலஸ்’ நூலைப் படித்துவிட்டுத் தன் நாவலுக்கு யோசனை கேட்டு வந்த பத்திரிகையாளர் ஷார்லட், ஹால்டேனின் மனைவியானார். நடுவில் அவருடைய முதல் கணவரோடு விவாகரத்து வழக்கு, பல்கலைக்கழகத்தின் ஒழுக்கக் குழு ஹால்டேனை வேலையை விட்டு நீக்கியது, ஹால்டேன் முறையீடு செய்து ஜெயித்தது என்று ஊரே பேசிய ரகளை. 1926-இல் திருமணம்.

அதே காலத்தில் எழுதியதுதான் உயிரினங்களின் அளவைப் பற்றிய கட்டுரை. உருவம் பத்து மடங்கு உயர்ந்தால் தோலின் பரப்பு நூறு மடங்கு, எடையோ ஆயிரம் மடங்கு. இந்த ஒரே கணக்கை வைத்துக்கொண்டு, ஆழமான சுரங்கக் குழியில் விழுந்த சுண்டெலி ஏன் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு ஓடிவிடுகிறது, குதிரை ஏன் சிதறிப்போகிறது, ராட்சதக் கதைகளில் வரும் அறுபதடி மனிதன் ஓரடி எடுத்து வைத்தால் ஏன் தொடையெலும்பு முறியும் என்று போய்க்கொண்டே இருப்பார். சில பக்கங்கள்தான். படித்து முடித்தபிறகு எறும்பையும் யானையையும் பழையபடி பார்க்க முடியாது. இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளியில் ஆசிரியர்கள் ஹால்டேனின் பெயரைக் கேட்டாலே கரித்துக்கொட்டினார்களாம். இவ்வளவு வெறுக்கப்படுகிறவர் யார் பார்க்கலாம் என்று ஒரு மாணவன் நூலகத்தில் அவருடைய புத்தகத்தைத் தேடி எடுத்தான். அவன் பெயர் ஜான் மேனார்ட் ஸ்மித். பிற்பாடு ஹால்டேனிடமே மாணவனாகப் போய்ச் சேர்ந்து, பரிணாமத்துக்குள் விளையாட்டுக் கோட்பாட்டைக் கொண்டுவந்தவர். ஆசிரியர்களின் வெறுப்பும் சில நேரம் உபகாரம் செய்கிறது.

இரண்டு யோசனைகள் என்றேன். முதலாவது, உயிரின் தோற்றம். 1929-இல் ‘ரேஷனலிஸ்ட் ஆனுவல்’ என்ற பகுத்தறிவாளர் ஆண்டுமலரில் சில பக்கக் கட்டுரை. ஆதிப் பூமியின் காற்றில் ஆக்சிஜன் இல்லை. சூரியனின் புறஊதாக் கதிர் தடையில்லாமல் இறங்குகிறது. நீர், கரியமிலவாயு, அம்மோனியா கலவையிலிருந்து சர்க்கரைகளும் புரதத்தின் மூலப்பொருட்களும் உண்டாகின்றன. தின்று தீர்க்க அப்போது உயிர் எதுவும் இல்லாததால் அவை கடலில் சேர்ந்துகொண்டே போகின்றன, கடல் சூடான நீர்த்த ரசமாகிறது. பள்ளிப் புத்தகங்களில் இன்று நாம் படிக்கும் ‘ஆதி ரசம்’ இதுதான். ரஷ்யாவில் ஓபாரின் இதே பாதையில் 1924-லேயே எழுதியிருந்தார், அது ஹால்டேனுக்குத் தெரியாது. 1963-இல் ஃப்ளோரிடாவில் இருவரும் நேரில் சந்தித்தபோது, முந்தியவர் ஓபாரின்தான் என்று ஹால்டேன் சபையிலேயே ஒப்புக்கொண்டார். நடுவில் 1953-இல் ஸ்டான்லி மில்லர் குடுவைக்குள் மின்பொறி பாய்ச்சி அமினோ அமிலங்களை எடுத்துக் காட்டியிருந்தார்.

இரண்டாவது, தியாகத்தின் கணக்கு. 1955-இல் பெங்குவின் வெளியிட்ட ‘நியூ பயாலஜி’ என்ற பொதுவாசகர் வெளியீட்டில், ஆற்றில் முழுகும் குழந்தையைக் காப்பாற்றக் குதிப்பவரைப் பற்றி ஒரு பத்தி எழுதினார். முழுகுவது சொந்தப் பிள்ளையா, சகோதரனா, தூரத்து உறவா என்பதைப் பொறுத்து, குதிக்கத் தூண்டும் மரபணு பெருகுமா அருகுமா என்று கூட்டிக் கழித்தார். ஒரு பத்தியோடு விட்டுவிட்டார். 1964-இல் வில்லியம் ஹாமில்டன் அதை முழுக் கோட்பாடாக்கினார். மதுக்கடையில் உட்கார்ந்து ஹால்டேன் இதையெல்லாம் எப்போதோ சொல்லிவிட்டார் என்று மேனார்ட் ஸ்மித் பின்னால் ஒரு கதையை எடுத்துவிட, ஹாமில்டனுக்கு வந்த வருத்தம் லேசில் தீரவில்லை. என் அபிப்பிராயத்தில் ஹாமில்டன் பக்கம்தான் நியாயம். விதையைப் போகிற போக்கில் வீசுவது வேறு, உழுது விளைவிப்பது வேறு. வேலை அவ்வளவையும் செய்தவர் ஹாமில்டன். ஹால்டேன் அடுத்த கட்டுரைக்குப் போய்விட்டார்.

கொஞ்சம் பின்னால் போவோம். 1930-களில் கட்டுரைகள் மழையாகப் பொழிந்தன. 1932-இல் ‘பரிணாமத்தின் காரணங்கள்’ நூல், ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவி. 1933-லிருந்து லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் பேராசிரியர். 1935-இல் ஹீமோஃபீலியா நோயை வைத்து, மனித மரபணு ஒன்று எவ்வளவு அடிக்கடி திடீர்மாற்றம் அடைகிறது என்ற முதல் மதிப்பீடு. 1937-இல் குழந்தைகளுக்காக, திருவாளர் லீக்கி என்ற மந்திரவாதியின் கதைகள். அதே ஆண்டு தொடங்கி ‘டெய்லி ஒர்க்கர்’ என்ற கம்யூனிஸ்ட் நாளேட்டில் வாரம்தோறும் அறிவியல் பத்தி. மொத்தம் முந்நூறுக்கும் மேல். ரயிலில் போகும்போதே எழுதிவிடுவார் என்பார்கள். எப்படி எழுத வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அவர் தந்த யோசனை எளிமையானது: வாசகருக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கு, எழுதி முடித்ததும் விஷயம் தெரியாத ஒரு நண்பரிடம் கொடுத்துப் படிக்கச் சொல், இல்லாவிட்டால் ஆறு மாதம் பெட்டியில் போட்டுவிட்டு உனக்கே புரிகிறதா என்று பார். இன்றைய அறிவியல் எழுத்தாளர்களில் பாதிப் பேருக்கு இந்த மூன்றாவதைச் சட்டமாக்கலாம்.

உடம்பை ஆய்வுக்கூடமாக்கும் அப்பாவின் பழக்கமும் விடவில்லை. இரத்தத்தில் அமிலம் ஏறினால் மூச்சு என்ன ஆகும் என்று பார்க்க அம்மோனியம் குளோரைடைக் கரைத்துக் குடித்து, நாள்கணக்கில் மூச்சிரைத்துக்கொண்டு திரிந்தார். 1939 ஜூனில் ‘தீட்டிஸ்’ நீர்மூழ்கிக் கப்பல் லிவர்பூல் விரிகுடாவில் மூழ்கி 99 பேர் இறந்தபோது, அவர்கள் சுவாசித்த காற்று எப்படி இருந்திருக்கும் என்று அறிய, ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய தோழர்களோடு இரும்பறைக்குள் தன்னைப் பூட்டிக்கொண்டார். போர்க்காலத்தில் கடற்படைக்காக உயர் அழுத்தத்தில் ஆக்சிஜன் சுவாசித்தபோது வந்த வலிப்பில் முதுகெலும்பு நசுங்கியது. அந்த வலி சாகும்வரை போகவில்லை. இன்னொரு சோதனையில் செவிப்பறை கிழிந்தது. புகை பிடித்தால் காதுவழியே வெளியே விடலாம், விருந்துகளில் இதுவும் ஒரு திறமைதானே என்று அதையும் வேடிக்கையாக்கி எழுதினார்.

தன் உடம்பைப் பொறுத்தவரை இவ்வளவு துணிச்சல். தன் கம்யூனிஸ்ட் கட்சியைப் பொறுத்தவரை?

1928-இல் ஹால்டேனைச் சோவியத் நாட்டுக்கு அழைத்தவர் நிக்கொலாய் வாவிலோவ், உலகெங்கும் அலைந்து பயிர்களின் விதைகளைச் சேகரித்த மாமனிதர். 1940-இல் வாவிலோவ் கைதானார். 1943-இல் சரத்தோவ் சிறையில் இறந்தார். அவரை ஓரங்கட்டி மேலே வந்த லைசென்கோ, 1948 ஆகஸ்டில் ஸ்டாலினின் ஆசியோடு மெண்டல் மரபியலையே நாட்டைவிட்டு விரட்டினார். அந்த ஆண்டு பிபிசி வானொலி நான்கு பிரிட்டிஷ் மரபியலாளர்களைப் பேசவைத்தது. ஃபிஷரும் டார்லிங்டனும் ஹார்லண்டும் போட்டு உடைத்தார்கள். ஹால்டேன் மட்டும் மென்று விழுங்கினார். லைசென்கோ சொல்வதில் சில உண்மைகள் இருக்கலாம், முழு விவரம் வரட்டும் என்றார். அந்துப்பூச்சிக்குக் கணக்குக் கேட்டவர் நண்பரின் மரணத்துக்குக் கணக்குக் கேட்கவில்லை. கட்சியிடமிருந்து 1950 வாக்கில் சத்தமில்லாமல் விலகினார். பத்தி எழுதுவதும் நின்றது. அவரை விரும்புகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். தாண்டக் கூடாது என்றே நினைக்கிறேன். கட்சிப் பத்திரிகை அவருக்கு வாசகர்களைத் தந்தது. பதிலுக்கு அது கேட்ட விலை இது. அவர் கொடுத்தார்.

விந்தை என்னவென்றால், அதே 1948-49-இல்தான் அவருடைய அழகான யோசனைகளில் ஒன்றும் பிறந்தது. மத்தியதரைக்கடல் ஓரத்து மக்களிடம் தலசீமியா என்ற இரத்தநோய் ஏன் இவ்வளவு பரவலாக இருக்கிறது? இரண்டு பிரதி வாங்கிய குழந்தை பெரும்பாலும் இறந்துவிடும். அப்படியானால் அந்த மரபணு என்றோ அருகியிருக்க வேண்டும். ஒரு பிரதி மட்டும் உள்ளவர்களின் சிவப்பணுக்கள் சிறியவை, அவர்களை மலேரியா எளிதில் வீழ்த்தாது போலும், அந்த லாபம்தான் இந்த நஷ்டத்தை ஈடுகட்டுகிறது என்றார் ஹால்டேன். இதேபோன்ற இன்னொரு நோயான அரிவாள் செல் சோகையில் 1954-இல் ஆண்டனி ஆலிசன், ஆப்பிரிக்காவில் இரத்தம் எடுத்துப் பார்த்து இதை உறுதிசெய்தார். நமக்கு அருகிலும் சாட்சி இருந்தது. 1952-இல் லேமனும் கட்புஷ்ஷும் நீலகிரியின் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல்லைக் கண்டார்கள். இந்தியாவில் அது பதிவானதற்கு அதுதான் தொடக்கம். மலேரியா மண்டிய அடிவாரக் காடுகளை அறிந்தவர்களுக்கு ஹால்டேனின் கணக்கு உடனே விளங்கும்.

1957 ஜூலையில் ஹால்டேன் இங்கிலாந்தை உதறிவிட்டுக் கல்கத்தா வந்தார். கூடவே இரண்டாவது மனைவி, உயிரியலாளர் ஹெலன் ஸ்பர்வே. சூயஸ் கால்வாய் மீது பிரிட்டன் தொடுத்த தாக்குதலைக் கண்டித்து வெளியேறுவதாக அறிவித்தார். அது பாதி உண்மை. கல்லூரியோடு சண்டை, ஓய்வு வயது, வெயில் ஆசை எல்லாம் சேர்ந்துகொண்டன. போலீஸ் நாயின் வாலை மிதித்த வழக்கில் அபராதம் கட்ட மறுத்து ஹெலன் சிறைக்குப் போய்வந்த கதை வேறு அப்போது லண்டன் பத்திரிகைகளில் ஓடியது. அழைத்தவர் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பி. சி. மகலனோபிஸ். அறுபது ஆண்டு காலுறை மாட்டியது போதும் என்று சொல்லிவிட்டு வேட்டி, குர்தா, செருப்புக்கு மாறினார் ஹால்டேன். புலால் விட்டார். இந்தியக் குடியுரிமை வாங்கினார். சென்னையிலிருந்து வரும் ‘தி இந்து’ நாளேட்டிலும் அறிவியல் கட்டுரைகள் எழுதினார்.

அவதாரங்களின் வரிசையில் மீன், ஆமை, பன்றி, சிங்கத்தலை மனிதன் என்று வருவதில் பரிணாமத்தின் மங்கலான சாயல் தெரிகிறது என்று ஒருமுறை எழுதினார். நம் ஊர் மேடைப் பேச்சாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டு, டார்வினுக்கு முன்பே எல்லாம் இங்கே இருந்தது என்று ஹால்டேனே சொன்னதாக இழுப்பதுண்டு. நாத்திகரான அவர் சொன்னது அதுவல்ல.

கல்கத்தாவில் அவர் செய்தது இந்தத் தொடருக்கு முக்கியமானது. வெளிநாட்டுக் கருவி இறக்குமதியாகும்வரை காத்திருக்க வேண்டாம், கண்ணும் குறிப்பேடும் போதும் என்றார். உயிரைக் கொல்லாமலும் உயிரியல் செய்யலாம் என்றார். மாணவர் எஸ். கே. ராய் விடியற்காலையில் பவளமல்லி உதிர்த்த பூக்களைப் பொறுக்கி ஒவ்வொன்றாக இதழ்களை எண்ணினார். ஒரே மரம், ஒரே மரபணுக்கள், ஆனாலும் ஒரு பூவில் ஐந்து இதழ், இன்னொன்றில் ஆறு, வேறொன்றில் ஏழு. மரபணுவுக்கு அடங்காத வேறுபாடு எவ்வளவு என்று அளக்க இதைவிட மலிவான ஆய்வுக்கூடம் எங்கே கிடைக்கும்? கிருஷ்ணா துரோணம்ராஜு உண்ணிச்செடிப் புதர் அருகே நின்று, எந்த வண்ணத்துப்பூச்சி எந்த நிறப் பூவை நாடுகிறது என்று குறித்தார். சில இனங்கள் ஒரு நிறத்தை விட்டு மறு நிறத்துக்குப் போகவே இல்லை. அப்படியானால் ஒரே இடத்தில் வளரும் ஒரு செடி காலப்போக்கில் இரண்டு இனங்களாகப் பிரியக்கூடும். கேரளத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த டி. ஏ. டேவிஸ், தென்னை மட்டைகள் சில மரங்களில் இடஞ்சுழியாகவும் சிலவற்றில் வலஞ்சுழியாகவும் அடுக்கப்பட்டிருப்பதை எண்ணிக்கொண்டிருந்தார். இது பரம்பரையாக வருவதில்லை, இடஞ்சுழி மரங்கள் சற்று அதிகம் காய்க்கின்றன என்று அவர் கண்டதை ஹால்டேன் கொண்டாடி, தான் ஆசிரியராக இருந்த ‘ஜர்னல் ஆஃப் ஜெனிடிக்ஸ்’ இதழில் வெளியிட்டார். அந்த இதழையே லண்டனிலிருந்து இந்தியாவுக்குக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

மனிதர்களோடுதான் ஒத்துப்போகவில்லை. 1961 ஜனவரியில், அமெரிக்காவிலிருந்து வந்த மாணவ விஞ்ஞானிகள் இருவர் தன் விருந்துக்கு வரவிடாமல் அந்நாட்டு அலுவலகம் தடுத்துவிட்டது என்று உண்ணாவிரதம் உட்கார்ந்தார். அடுத்த மாதமே மகலனோபிஸோடு முறுக்கிக்கொண்டு வெளியேறினார். அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுமத்தில் சேர்ந்தார், வாக்களித்த ஆய்வுக்கூடம் வரவில்லை. சுதந்திர ஆராய்ச்சியை அடக்கும் குழுமம் என்று அதற்கு வேறு பெயர் சூட்டிவிட்டு நகர்ந்தார். 1962-இல் ஒரிசா முதலமைச்சர் பிஜு பட்நாயக் புவனேசுவரத்தில் இடம் கொடுத்தார். அது அவருக்குப் பிடித்தது. ஆனால் அதிக நாள் இல்லை. 1963 முடிவில் மலக்குடல் புற்றுநோய் தெரிந்தது. லண்டனில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு படுக்கையில் கிடந்தபடியே, நோய் அறிகுறி தெரிந்ததும் வெட்கப்படாமல் மருத்துவரிடம் போங்கள் என்று சொல்லும் ஒரு நகைச்சுவைக் கவிதையை எழுதி ‘நியூ ஸ்டேட்ஸ்மன்’ இதழுக்கு அனுப்பினார். பிபிசிக்காகத் தன் இரங்கலுரையைத் தானே கேமரா முன் பேசிப் பதிவு செய்தார். 1964 டிசம்பர் 1 அன்று புவனேசுவரத்தில் இறந்தார். உயிலில் எழுதியபடி உடல் ஆந்திராவின் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு, மாணவர்கள் அறுத்துப் படிப்பதற்காகப் போனது. ‘ஜர்னல் ஆஃப் ஜெனிடிக்ஸ்’ இதழை ஹெலன் நடத்தினார். பின்னர் நின்றுபோய், 1985 முதல் பெங்களூரின் இந்திய அறிவியல் அகாதமி அதை மீண்டும் வெளியிட்டு வருகிறது.

ஒரு பழைய கணக்கு பாக்கியிருக்கிறது. இந்தியாவுக்கு வந்த அதே 1957-இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார். ஓர் இனத்தில் பழைய மரபணுவை எடுத்துவிட்டுப் புதியது முழுதாக உட்கார வேண்டுமானால், பழையதைச் சுமப்பவர்கள் அவ்வளவு பேரும் சந்ததியின்றிப் போயாக வேண்டும். இந்தச் சாவுகளைக் கூட்டினால், ஏதோ ஒரு சமயத்து இனத்தொகையைப்போல் சுமார் முப்பது மடங்கு வருகிறது. இனம் தாங்க வேண்டுமானால் 300 தலைமுறைக்கு ஒரு மாற்றம் என்ற வேகத்துக்கு மேல் போக முடியாது. பதினொரு ஆண்டு கழித்து ஜப்பானில் மிஷிமா நகரின் தேசிய மரபியல் நிறுவனத்தில் மோட்டோ கிமுரா, பாலூட்டிகளின் புரதங்களை ஒப்பிட்டு, உண்மையில் மாற்றம் எவ்வளவு வேகமாக நடந்திருக்கிறது என்று கணக்கிட்டார். விடை, இரண்டு ஆண்டுக்கு ஒன்று. ஹால்டேனின் வரம்போடு இது எந்த வகையிலும் ஒட்டவில்லை. ஒன்று ஹால்டேன் தவறு, அல்லது நடந்த மாற்றங்களில் பெரும்பாலானவற்றுக்கு இயற்கைத் தேர்வோடு சம்பந்தமே இல்லை. கிமுரா இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். டார்வினியர்கள் கொதித்தெழுந்தார்கள். அடுத்த இதழில் மிஷிமாவுக்குப் போவோம்.

(தொடரும்)